ரோஸ்ட் சிக்கன்: வாங்குவதும் சுடுவதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

முழுக்கோழியை வீட்டில் சுடுவது பற்றியும், கடையில் சுட்டு விற்கும் கோழியை வாங்குவது பற்றியும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால். சூடு எல்லாம் டிகிரி செல்சியஸில். ஓவன் கணக்கு சாதாரண ஓவனுக்கு உரியது. உள்ளே காற்றாடி சுழலும் கன்வெக்‌ஷன் ஓவன் என்றால் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். கோழியின் எடை என்று சொல்வதெல்லாம் தலை, கால், குடல் நீக்கிச் சுத்தம் செய்த பிறகு உள்ள எடை.

கடையில சுட்டதை வாங்கினா மலிவா, பச்சைக்கோழி வாங்கி வீட்டுல சுட்டா மலிவா?

பச்சைக்கோழியின் கிலோ விலையையும் சுட்ட கோழியின் கிலோ விலையையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு தப்பும். சுடும்போது கோழி தன் எடையில் கால் பங்குக்கு மேல் இழக்கிறது. தண்ணீரும் கொழுப்பும் இறங்கிவிடும். 1.5 கிலோ பச்சைக்கோழி சுட்டபின் 1.1 கிலோவுக்கு அருகில் நிற்கும். அதில் எலும்பைக் கழித்தால் தோலோடு சேர்த்துத் தின்னக் கிடைப்பது 700 கிராம் சுமார். கடைக் கோழியில் இந்த இழப்பு ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. ஆகவே பச்சைக்கோழியின் கிலோ விலையை 1.4 ஆல் பெருக்கி, அதைச் சுட்ட கோழியின் கிலோ விலையோடு ஒப்பிடுங்கள். கடையில் எடை போடாமல் ஒரு கோழி இவ்வளவு என்று விற்றால், ஒரு முறை வீட்டுத் தராசில் நிறுத்துப் பாருங்கள். பல கடைகளில் சுட்ட கோழி 900 கிராமுக்கும் குறைவாக இருக்கும்.

வீட்டுச் செலவில் மின்சாரமும் சேரும். சாதாரண ஓவன் முன்சூடு உட்பட ஒரு கோழிக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு யூனிட் எடுக்கும். ஒரே தட்டில் இரண்டு கோழி வைத்தாலும் யூனிட் பெரிதாக ஏறாது. அதனால் வீட்டில் சுடுவதன் லாபம் இரண்டு கோழியில்தான் சரியாகத் தெரியும்.

பெரிய கடைகள் சில, ஆளை உள்ளே இழுப்பதற்காகச் சுட்ட கோழியை லாபமே இல்லாத விலைக்கு விற்பதும் உண்டு. அப்படிப்பட்ட கடை பக்கத்தில் இருந்தால் விலையில் நீங்கள் அதை வெல்ல முடியாது, ருசியில் வெல்லலாம்.

எத்தனை கிலோ கோழி வாங்கணும்? பெரிசா வாங்கினா லாபம்தானே?

1.3 முதல் 1.6 கிலோ. நான்கு பேருக்குப் போதும். இரண்டு கிலோவைத் தாண்டிய கோழியில் தொடை வேகும் நேரத்துக்குள் நெஞ்சுக்கறி காய்ந்துவிடும். வேகமாகப் பெருக்க வைத்த பெரிய கோழிகளில் நெஞ்சுக்கறி விறைத்து, கடித்தால் நார் நாராகப் பிரியும் குறையும் அதிகம் தென்படுகிறது. சாப்பிட்டால் கெடுதல் இல்லை, ஆனால் எந்தச் சமையலும் அதைச் சரிசெய்யாது. பச்சையாக இருக்கும்போதே நெஞ்சை விரலால் அழுத்திப் பாருங்கள். இடம் கொடுக்காமல் கட்டை போல இருந்தால் வேறு கோழியை எடுங்கள். எட்டுப் பேர் என்றால் மூன்று கிலோ கோழி ஒன்று வேண்டாம், 1.5 கிலோ கோழி இரண்டு வாங்குங்கள்.

பச்சைக்கோழி வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

முதலில் தோல். தோல் உரித்த கோழியை இந்த முறையில் சுட முடியாது. உருகி இறங்கும் கொழுப்பும் கறியைக் காக்கும் உறையும் அந்தத் தோல்தான். நெஞ்சின் மேல் கிழிசல் இருந்தால் அந்த இடம்தான் முதலில் வறளும். அடுத்து, பாக்கெட்டின் அடியில் தேங்கியிருக்கும் தண்ணீர். கொஞ்சம் இருப்பது இயல்பு. குளமாக நின்றால், தண்ணீருக்கு விலை கொடுக்கிறீர்கள். ‘உப்புநீர் சேர்த்தது’ என்று லேபிளில் இருந்தால் அதையும் கவனித்துக்கொள்ளுங்கள், உப்பு பற்றிய கேள்வியில் அது திரும்ப வரும்.

தோலின் நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். மஞ்சள் நிறம் தீவனத்திலிருந்து வருகிறது, மக்காச்சோளம் தின்ற கோழி மஞ்சளாக இருக்கும், அவ்வளவுதான். வயதைத்தான் பார்க்க வேண்டும். முட்டையிட்டு ஓய்ந்த கோழி விலை மலிவு, ஆனால் அது நீண்ட நேரம் தண்ணீரில் வேக வேண்டியது. ஓவனில் வைத்தால் ரப்பராகும். நெஞ்செலும்பின் வால்பக்க நுனியை வளைத்துப் பாருங்கள். இளங்கோழியில் அது வளையும், முதிர்ந்ததில் வளையாது.

கடையில சுட்டு வெச்சிருக்கிறதுல நல்லதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எந்தக் கடை என்பதைவிட எந்த நேரம் என்பதே முக்கியம். சுட்டு இறக்கிய முதல் அரை மணி நேரத்தில் கிடைக்கும் கோழியும், சூட்டுப்பெட்டியில் நான்கு மணி நேரம் கிடந்த கோழியும் ஒன்றல்ல. சூட்டுப்பெட்டி கோழியைக் கெட்டுப்போகாமல் 60 டிகிரிக்கு மேல் வைத்திருக்கும், ஆனால் அந்த நேரம் முழுக்க நெஞ்சுக்கறி காய்ந்துகொண்டே இருக்கும். பாக்கெட்டில் நேரம் அச்சிட்டிருந்தால் படியுங்கள். இல்லையென்றால் ‘அடுத்தது எப்போ இறக்குவீங்க?’ என்று கேட்டுவிட்டு அந்த நேரத்துக்குப் போங்கள். கூட்டம் உள்ள கடையில் சரக்கு நிற்காது என்பதால் அங்கே தவறு நடக்கும் வாய்ப்பு குறைவு.

கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் சில. தோல் கறியோடு ஒட்டி இறுக்கமாக இருக்க வேண்டும். சுருங்கித் தொங்கினால் பழசு. காலெலும்பின் நுனியில் கறி கொஞ்சம் மேலேறியிருப்பது நன்றாக வெந்ததைக் காட்டும், ஆனால் எலும்பு பாதி வெளியே தெரிந்தால் மிஞ்சி வெந்துவிட்டது. பெட்டியின் அடியில் நிறையச் சாறு தேங்கியிருந்தால், அந்தச் சாறு இப்போது கறிக்குள் இல்லை. கருஞ்சிவப்பு நிறத்தை நம்பாதீர்கள், சர்க்கரையும் மிளகாய்ப்பொடியும் கலந்து தடவினால் அந்த நிறம் எளிதில் வரும்.

லேபிளில் பாஸ்பேட் என்று இருந்தால், கறி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளச் சேர்த்தது. கறி ஈரமாக இருக்கும், கூடவே கொஞ்சம் ரப்பர்த்தன்மையும் வரும். இரவு கடை மூடும் முன் விலை குறைத்து விற்பவை முழுதாகப் பரிமாற உதவாது. பிய்த்து சாண்ட்விச்சிலோ சூப்பிலோ போட அவையே போதும்.

வாங்கிட்டு வந்ததும் கழுவணுமா?

வேண்டாம். பச்சைக்கோழியில் சால்மோனெல்லா, கேம்பிலோபேக்டர் கிருமிகள் இருக்கலாம். குழாயடியில் கழுவினால் அவை போவதில்லை. தண்ணீர்த் துளிகளோடு தொட்டி, மேடை, பக்கத்தில் இருக்கும் பாத்திரம் எல்லாவற்றிலும் தெறிக்கின்றன. ஓவன் சூட்டில் அவை எப்படியும் சாகும். மிச்சமிருக்கும் இறகையோ ரத்தக்கட்டியையோ கையால் எடுத்துவிட்டு, காகிதத்துண்டால் உள்ளும் புறமும் அழுத்தித் துடையுங்கள். வயிற்றுக்குள் ஈரல், கழுத்து வைத்த சிறு பை இருக்கிறதா என்று கைவிட்டுப் பாருங்கள். பையோடு சுடப்பட்ட கோழிகள் நிறைய உண்டு.

கழுவாமல் மனம் ஒப்பவில்லை என்பவர்கள், தொட்டிக்குள் ஒரு பாத்திரத்தில் தேங்கிய தண்ணீரில் மெதுவாக அலசி எடுத்து, தொட்டியையும் மேடையையும் உடனே சோப்பால் தேய்த்துவிடுங்கள். தோலில் ஏறிய ஈரத்தையும் முழுக்கத் துடைக்க வேண்டும்.

ஃப்ரீசர்லேர்ந்து எடுத்து அப்படியே ஓவன்ல வெச்சா என்ன?

ஆபத்தில்லை. ஆனால் நேரம் ஒன்றரை மடங்காகும், உப்பு உள்ளே போகாது, உள்ளே பனி உருகுவதற்குள் வெளிக்கறி காய்ந்துவிடும். முதல் நாளே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள், 1.5 கிலோ கோழிக்கு ஒரு முழு நாள் வேண்டும். அவசரமென்றால் கசியாத பையில் கட்டிக் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி, அரை மணிக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். இரண்டு முதல் மூன்று மணி நேரத்தில் உருகும், உருகியதும் உடனே சமைத்துவிட வேண்டும். சமையல் மேடையில் இரவெல்லாம் வைத்து உருக்குவது கூடாது.

உப்பு எவ்வளவு, எப்ப போடணும்?

கிலோவுக்கு 10 கிராம். 1.5 கிலோ கோழிக்கு 15 கிராம், அதாவது தூளுப்பில் தட்டையாக இரண்டரை டீஸ்பூன். கல்லுப்பை ஸ்பூனால் அளக்காதீர்கள், எடை போடுங்கள். போடும் நேரம்: முந்தின நாள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள், செலவே இல்லாமல் இவ்வளவு மாற்றம் தருவது வேறு எதுவும் இல்லை.

போட்டதும் உப்பு கறியிலிருந்து நீரை இழுக்கும். ஒரு மணி நேரத்தில் தோல் நனைந்து நிற்பதைப் பார்க்கலாம். பிறகு அந்த உப்புநீரே மெல்ல உள்ளே இறங்கி, தசையின் புரதத்தைத் தளர்த்துகிறது. தளர்ந்த புரதம் சூட்டில் அவ்வளவு இறுகாது, அதனால் சாறு வெளியே பிழியப்படுவதும் குறைகிறது. இது நடக்க 12 முதல் 24 மணி நேரம் வேண்டும். சுடுவதற்கு அரை மணி முன்னால் உப்புப் போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான நேரம், நீர் வெளியே வந்திருக்கும், திரும்பிப் போயிருக்காது. ஒரு நாள் இல்லையென்றால் ஓவனில் வைக்கும் அந்த நிமிடம் போடுங்கள்.

பங்கு பிரிப்பதும் முக்கியம். பாதிக்கு மேல் நெஞ்சிலும் தொடையிலும், மிச்சம் முதுகிலும் வயிற்றுக்குள்ளும். நெஞ்சருகே தோலுக்கடியில் விரல் விட்டு, கிழியாமல் தளர்த்தி, கொஞ்சத்தை நேராகக் கறியில் தடவினால் இன்னும் நல்லது. பிறகு தட்டில் வைத்து, மூடாமல் ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள். மூடாமல் வைப்பது ஏன் என்பது தோல் பற்றிய கேள்வியில் வருகிறது. லேபிளில் ‘உப்புநீர் சேர்த்தது’ என்றிருந்தால் அளவைக் கிலோவுக்கு 3 அல்லது 4 கிராமாகக் குறையுங்கள்.

உப்புத் தண்ணியில ஊற வெச்சா இன்னும் மெத்துன்னு இருக்குமாமே?

இருக்கும், கறிக்குள் தண்ணீர் ஏறுவதால். லிட்டருக்கு 50 கிராம் உப்பு, ஃப்ரிட்ஜுக்குள் 4 முதல் 8 மணி நேரம். ஆனால் ஏறியது வெறும் தண்ணீர் என்பதால் கோழியின் ருசி மட்டுப்படும், தோலும் ஊறிப்போகும். பெரிய பாத்திரமும் ஃப்ரிட்ஜில் இடமும் வேறு வேண்டும். உலர் உப்பே மேல் என்பது எங்கள் முடிவு.

எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம்? அதை மட்டும் சொல்லுங்க.

220 டிகிரி, 1.5 கிலோ கோழிக்கு 60 முதல் 70 நிமிடம். ஓவன் முழுச் சூடு ஏற 20 நிமிடமாவது விடுங்கள். கோழியைத் துடைத்து, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் தடவி, நெஞ்சு மேலே இருக்கும்படி வையுங்கள். தொடைப்பக்கம் ஓவனின் உட்பக்கம் நோக்கட்டும், பெரும்பாலான ஓவன்களில் பின்பக்கம்தான் சூடு அதிகம். 50-வது நிமிடத்திலிருந்து சோதிக்கத் தொடங்குங்கள். எடுத்தபின் 10 முதல் 15 நிமிடம் தொடாமல் விடுங்கள்; அந்த நேரத்தில் உள்சூடு இன்னும் சில டிகிரி ஏறும், உடனே வெட்டினால் பலகையில் ஓடும் சாறும் கறியிலேயே நிற்கும்.

வீட்டு ஓவன்களின் திருகு காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் 15, 20 டிகிரி வேறுபடுவது சாதாரணம். அதனால் நிமிடக் கணக்கு ஒரு தோராயம். ஒரு மணி நேரம் வெளியே வைத்து ‘அறைச் சூட்டுக்கு’ கொண்டுவர வேண்டியதில்லை, முழுக்கோழியின் உள்பகுதி அதில் சில டிகிரிக்கு மேல் ஏறாது.

வெந்துச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்? சாறு தெளிவா வந்தா போதும்னு சொல்றாங்களே.

சாற்றை நம்ப முடியாது. வேகாத கோழியில் தெளிந்த சாறும், வெந்த கோழியில் இளஞ்சிவப்புச் சாறும் வருவதுண்டு. ஊசி வைத்த சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். ஒரு கோழி வீணாகும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகை அல்ல.

குத்த வேண்டிய இடங்கள் இரண்டு. கழுத்துப்பக்கமிருந்து நெஞ்சுக்கறியின் தடிமனான பகுதிக்குள் ஒன்று. தொடைக்கும் உடலுக்கும் இடையே தொடையின் உள்பகுதியில் மற்றொன்று. எலும்பில் பட்டால் எண் தவறாகக் காட்டும். இழுத்து இழுத்துப் பார்த்து, கிடைக்கும் மிகக் குறைந்த எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். அமெரிக்க வேளாண் துறை சொல்லும் பாதுகாப்பு எல்லை 74 டிகிரி. பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு 70 டிகிரியில் 2 நிமிடம் நின்றால் போதும் என்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல, கிருமி சாவது சூட்டையும் நேரத்தையும் சேர்த்துத்தான். நெஞ்சு 74-ஐத் தொட்டதும் எடுத்துவிடுங்கள். தொடை மட்டும் 80-ஐத் தாண்டினால்தான் அதிலுள்ள சவ்வு இளகி மென்மையாகும்.

தெர்மாமீட்டர் சரியா என்பதற்கு, ஐஸ் நிறைந்த தண்ணீரில் விட்டுப் பாருங்கள். 0 காட்ட வேண்டும்.

எலும்புகிட்ட செவப்பா இருக்கு. சாப்பிடலாமா?

தெர்மாமீட்டர் எல்லையைத் தாண்டியிருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம். இன்றைய கோழிகள் ஆறு, ஏழு வாரத்திலேயே விற்பனைக்கு வருகின்றன. எலும்பு முழுதாக இறுகியிருக்காது, மஜ்ஜையின் நிறம் பக்கத்துக் கறியில் கசிந்து நிற்கும். உறைய வைத்து உருக்கிய கோழியில் இது கூடுதலாகத் தெரியும். கறியே வழுவழுப்பாக, கண்ணாடி போல ஒளி ஊடுருவும்படி இருந்தால் அது வேறு, வேகவில்லை. அந்தப் பகுதியை வெட்டித் தட்டில் பரப்பி 10 நிமிடம் திரும்ப ஓவனில் வையுங்கள்.

நெஞ்சுக்கறி மட்டும் எப்பவும் வறண்டு போகுது. ஏன்?

ஒரே கோழியில் இரண்டு வகைக் கறி இருக்கிறது, இரண்டுக்கும் வேண்டிய சூடு வேறு. மேலே சொன்ன 74-க்கும் 80-க்கும் உள்ள இடைவெளிதான் சிக்கல் முழுவதும். காலைக் கயிற்றால் கட்டுவது அழகாக இருக்கும், ஆனால் தொடையின் உள்பக்கத்துக்குச் சூடு போவதைத் தடுத்து இந்தச் சிக்கலைப் பெரிதாக்கும். கட்டாதீர்கள்.

சரியான தீர்வு, முதுகெலும்பை எடுத்துக் கோழியை விரிப்பது. கவிழ்த்துப் போட்டு, முதுகெலும்பின் இரு பக்கமும் சமையல் கத்தரியால் வால் முதல் கழுத்து வரை வெட்டி எடுங்கள். திருப்பி, நெஞ்செலும்பின் நடுவில் உள்ளங்கையால் ஓங்கி அழுத்தினால் ‘படக்’கென்று ஒடிந்து தட்டையாகும். இப்போது கால்கள் தட்டின் ஓரத்தில், சூடு அதிகமான இடத்தில் கிடக்கும். நெஞ்சு நடுவில் தடித்து நிற்கும். 220 டிகிரியில் 40 முதல் 50 நிமிடத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக வெந்து முடியும், நேரமும் மின்சாரமும் மிச்சம். முழுசாக மேசையில் வைக்கும் அழகு போகும் என்பது ஒன்றே குறை. வெட்டிய முதுகெலும்பை எறியாதீர்கள், கடைசியில் வேலை இருக்கிறது.

தோல் மொறுமொறுன்னு வரவே மாட்டேங்குது.

ஈரம். தோலில் ஈரம் இருக்கும்வரை சூடெல்லாம் அதை ஆவியாக்கவே செலவாகும், சிவக்காது. ஃப்ரிட்ஜில் மூடாமல் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். உள்ளே சுழலும் உலர்காற்று ஒரு இரவில் தோலைக் காகிதம் போலாக்கிவிடும். இன்னும் வேண்டுமென்றால் உப்போடு ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் கலந்து தடவுங்கள், தோலின் காரத்தன்மை கூடி வேகமாகச் சிவக்கும். பேக்கிங் சோடா அல்ல. அது சோப்பு ருசி தரும்.

வெண்ணெய் மணம் தரும், ஆனால் அதில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர், மொறுமொறுப்புக்கு எண்ணெய்தான். நடுநடுவே திறந்து சாற்றை அள்ளி மேலே ஊற்றுவதை நிறுத்துங்கள். அந்தச் சாறு தோலைத் தாண்டி உள்ளே போவதில்லை, திறக்கும்போதெல்லாம் ஓவன் சூடும் இறங்குகிறது. எடுத்தபின் ஃபாயிலால் இறுக்கி மூடினால் அவ்வளவு பாடும் ஆவியில் போய்விடும்.

சுடும்போது வீடெல்லாம் புகை.

வெறும் தட்டில் சொட்டும் கொழுப்பு கருகுகிறது. தடித்த உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயத் துண்டுகளைத் தட்டு முழுக்கப் பரப்பி அதன்மேல் கோழியை வையுங்கள், கொழுப்பை அவை வாங்கிக்கொள்ளும். அல்லது அரைக் கப் தண்ணீர் ஊற்றி, வற்றும்போது கொஞ்சம் சேருங்கள். அதற்கு மேல் ஊற்றினால் கோழி சுடப்படாது, அவியும்.

தேனும் மிளகாய்த்தூளும் தடவினா கருகிக் கசக்குது. எப்பத் தடவணும்?

தேன், சர்க்கரை, தக்காளி சாஸ் போன்றவை கடைசி 10 நிமிடத்தில் மட்டும். மிளகாய்த்தூள், பூண்டு விழுது தடவியிருந்தால் ஓவனை 190-க்கு இறக்கி, நேரத்தை 15 நிமிடம் கூட்டுங்கள். அல்லது அந்த விழுதைத் தோலுக்கடியில் வையுங்கள், அங்கே கருகாது. தயிர், எலுமிச்சை ஊறல் எவ்வளவு நேரம் வைத்தாலும் சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. உள்ளே வரை போவது உப்பு மட்டும்தான். எலுமிச்சைச் சாற்றில் இரவெல்லாம் ஊறவைத்தால் மேற்கறி மாவு மாவாகிவிடும்.

வயித்துக்குள்ள சாதமோ ரொட்டியோ அடைச்சுச் சுடலாமா?

பச்சைச் சாறு அதில் ஊறுவதால் அடைத்ததன் நடுப்பகுதியும் 74 டிகிரியைத் தொட வேண்டும். அதற்குள் நெஞ்சுக்கறி எங்கோ போய்விடும். தனித்தட்டில் சுட்டு, கோழிச்சாற்றை அதில் ஊற்றிக் கிளறுங்கள். வயிற்றுக்குள் பாதி எலுமிச்சை, நான்கு பல் பூண்டு வைப்பதில் தவறில்லை.

எங்க வீட்டுல ஓவன் இல்ல.

ஏர் ஃப்ரையரில் 5 லிட்டருக்கு மேல் கூடை இருந்தால் 1.2 கிலோ கோழி அடங்கும். மேலே சூட்டுக்கம்பிக்கும் கோழிக்கும் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். 180 டிகிரியில் நெஞ்சு கீழே இருக்க 30 நிமிடம், திருப்பி 20 முதல் 25 நிமிடம். தோலைப் பொறுத்தவரை இது பல ஓவன்களை விட நன்றாகவே செய்கிறது.

அதுவும் இல்லையென்றால் அடிகனமான, மூடி நன்றாகப் பொருந்தும் பாத்திரம். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் நடுத்தரத் தீயில் நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிச் சிவக்க விடுங்கள், 15 நிமிடம் ஆகும். பிறகு கால் கப் தண்ணீர், மூடி, சிறுதீயில் 45 முதல் 50 நிமிடம், நடுவில் ஒரு முறை திருப்பவும். தோல் மொறுமொறுப்பாக இராது. கறியும் அடியில் நிற்கும் சாறும் அருமையாக இருக்கும்.

எப்படி வெட்டுறது? பிய்ச்சுப் பிய்ச்சுத்தான் வருது.

காலை வெளியே இழுத்து வளைத்தால் மூட்டு தெரியும். எலும்பை அறுக்காமல் மூட்டு வழியே கத்தியை விடுங்கள். நெஞ்செலும்பை ஒட்டி மேலிருந்து கீழாக வழித்து முழு நெஞ்சுக்கறியையும் எடுத்து, பலகையில் நாருக்குக் குறுக்காக வெட்டுங்கள். முதுகில் இடுப்பு மூட்டுக்கு அருகே குழிக்குள் இரண்டு சின்னக் கறித்துண்டுகள் இருக்கும். கோழியிலேயே ருசியான பகுதி அதுதான், வெட்டுபவர் யாருக்கும் சொல்லாமல் தின்பது வழக்கம்.

மிச்சத்தை எவ்வளவு நாள் வெச்சுக்கலாம்? கடையிலேர்ந்து வாங்கினது வண்டியிலேயே இருந்துச்சு.

அறைச் சூட்டில் இரண்டு மணி நேரம் எல்லை. வெயில் 32 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரம். வண்டிக்குள் இருந்த நேரமும் அதில் சேரும். 4 டிகிரிக்குக் கீழ் உள்ள ஃப்ரிட்ஜில் சுட்ட கோழி 3, 4 நாள். பச்சைக்கோழி 1, 2 நாள்தான். முழுக்கோழியைப் பெட்டியோடு உள்ளே தள்ளாதீர்கள், நடுப்பகுதி ஆற நேரமெடுக்கும். கறியைப் பிரித்து அகலமான டப்பாவில் பரப்பி வையுங்கள்.

மறுநாள் சூடு பண்ணினா ஒரு பழைய வாடை அடிக்குது. கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் இல்லை. வெந்த கறியிலுள்ள கொழுப்பு காற்றோடு சேர்ந்து மாறுவதால் வரும் வாடை அது, ஒரு நாளிலேயே தொடங்கிவிடும், திரும்பச் சூடாக்கும்போது தூக்கலாகத் தெரியும். காற்று புகாமல், தட்டில் தேங்கிய சாற்றோடு சேர்த்து வைத்தால் குறையும். சூடாக்க, இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து ஃபாயிலால் மூடி 170 டிகிரியில் 20 நிமிடம். 74 டிகிரி வந்ததும் ஃபாயிலை எடுத்து 5 நிமிடம் தோலுக்கு. நெஞ்சுக்கறியைக் குளிராகவே சாலட்டில் போடுவது அதைவிட மேல். புளித்த நாற்றமோ கையில் பிசுபிசுப்போ இருந்தாலும், மேலே சொன்ன நாள் கணக்கைத் தாண்டியிருந்தாலும் எறியுங்கள்.

எலும்பை வெச்சு ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், முதல் கேள்வியின் விலைக்கணக்கே இதில் மாறும். எடுத்து வைத்த முதுகெலும்பு, மிச்ச எலும்பு, ஒரு வெங்காயம், மூழ்கும் அளவு குளிர்ந்த தண்ணீர். தளதளவென்று கொதிக்க விடாமல் இரண்டு, மூன்று மணி நேரம், அல்லது பிரஷர் குக்கரில் சிறுதீயில் 45 நிமிடம். ஒரு கோழிக்கு ஒன்றரை லிட்டர் சூப்புத்தண்ணீர் கிடைக்கும். கடைக் கோழியின் எலும்பில் உப்பு ஏற்கெனவே ஏறியிருக்கும், ருசி பார்க்காமல் உப்புப் போடாதீர்கள்.

விருந்துக்கு முந்தின நாளே பாதி வேக வெச்சு, மறுநாள் மீதியை வேக வெக்கலாமா?

கூடாது. பாதி வெந்த கோழியில் கிருமி சாகாது. அது பெருகுவதற்கு ஏற்ற மிதமான சூட்டில்தான் உள்பகுதி நீண்ட நேரம் நிற்கும். முழுக்க வேகவைத்து, பிரித்து, ஆறவைத்து, மறுநாள் மேலே சொன்னபடி சூடாக்கலாம்.

விருந்துக்கு முழுக்கோழிதான் வேண்டும் என்றில்லை என்றால், தோலோடு கூடிய தொடை-கால் துண்டுகளை வாங்குங்கள். நெஞ்சுக்கறியைவிடப் பெரும்பாலும் விலை குறைவு, 200 டிகிரியில் 45 நிமிடம், பத்து நிமிடம் தாமதமானாலும் காயாது. உப்புக் கணக்கு அதே கிலோவுக்கு 10 கிராம்தான். தட்டில் துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் இடம்விட்டு அடுக்குங்கள்; நெருக்கி வைத்தால் நடுவில் உள்ளவை சிவக்காமல் வெளுத்தே நிற்கும்.